ஆளில்லாமல் வந்த தலைவர்: கர்சாயின் ஊர்களில் ஒரு பயணம்

முதல் நாள்: காபூல்

காபூல் விமான நிலையத்துக்கு 2021 வரை ஆப்கானிஸ்தானின் முன்னாள் ஜனாதிபதி ஹமீத் கர்சாயின் பெயர்தான் இருந்தது. தாலிபான்கள் ஆட்சிக்கு வந்ததும் எடுத்துவிட்டார்கள். இப்போது பலகையில் காபூல் சர்வதேச விமான நிலையம் என்று மட்டும் இருக்கிறது. டாக்சி ஓட்டுநர்களிடம் கேட்டால் இன்னும் சிலர் பழைய பெயரையே சொல்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் நான் பார்க்க வந்தது கர்சாய் பிறந்து வளர்ந்த தெற்குப் பகுதியை. ஒரு பழங்குடியின் தலைவர், கையில் சொந்தப் படை எதுவும் இல்லாதவர், 2001இல் ஒரு நாட்டுக்கே இடைக்காலத் தலைவர் ஆனது எப்படி என்பது ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி. அமெரிக்கா கொண்டுவந்து உட்கார வைத்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி காந்தஹார் பக்கத்து கிராமங்களில் இருக்கிறது.

முதலில் ஒரு சம்பவம். தாலிபான்களை எதிர்த்துப் போரிட்ட வடக்குக் கூட்டணியின் தளபதி அகமது ஷா மசூத் 2001 செப்டம்பர் 9 அன்று கொல்லப்பட்ட பிறகு அதன் படைகள் முகமது ஃபஹீமின் கைக்கு வந்தன. நவம்பரில் காபூலைப் பிடித்ததும் அவர்கள்தான். டிசம்பரில் கர்சாய் பொறுப்பேற்கத் தெற்கிலிருந்து வந்தபோது ஃபஹீம் தன் ஆட்கள் புடைசூழ வரவேற்கப் போனார். விமானத்திலிருந்து இறங்கிய கர்சாயோடு விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். “உங்கள் ஆட்கள் எங்கே?” என்று ஃபஹீம் கேட்டாராம். “நீங்கள்தான் என் ஆட்கள்” என்றாராம் கர்சாய்.

இதைப் புத்திசாலித்தனமான பதில் என்று சொல்லிக் கடந்துபோய்விடலாம். ஆனால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1994இல், ரப்பானி ஜனாதிபதியாக இருந்த அரசில் கர்சாய் வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்தபோது, உளவு பார்க்கிறார் என்ற சந்தேகத்தில் அவரைக் கைது செய்து விசாரித்தார்கள். அந்த நேரம் கட்டடத்தின் மேல் ராக்கெட் விழுந்தது. அந்தக் குழப்பத்தில் காயத்தோடு தப்பி அவர் பாகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது உளவுத்துறை ஃபஹீமின் பொறுப்பில் இருந்தது. அதாவது, தன்னைப் பிடித்து அடைத்த மனிதரிடம்தான் அவர் அந்தப் பதிலைச் சொன்னார். பிறகு அவரையே பாதுகாப்பு அமைச்சராகவும் வைத்துக்கொண்டார். பழி வாங்குவது கர்சாயின் இனமான பஷ்தூன்களின் மரபில் பெரிய கடமை. அதை விட்டுக்கொடுக்க ஒரு கானுக்கு, அதாவது குலத் தலைவருக்கு, தனித் துணிச்சல் வேண்டும்.

2001 டிசம்பர் 22 அன்று பதவியேற்பு. அன்று தொடங்கி அவர் உடுத்திய உடையை உலகமே பேசியது. ஆட்டுக்குட்டித் தோலில் செய்த கராகுல் தொப்பி காபூல் கனவான்களுடையது. நீளமான சட்டை தெற்கத்திப் பஷ்தூன்களுடையது. தோளில் போர்த்திய பச்சையும் ஊதாவும் கோடு போட்ட சப்பான் என்ற மேலங்கி வடக்கே உஸ்பெக்குகள் அணிவது. ஐரோப்பிய ஃபேஷன்காரர்கள் அழகைப் பாராட்டினார்கள். ஆப்கானியர்களுக்கு அதன் பொருள் சொல்லாமலே புரிந்தது: நான் ஒரு குலத்துக்கு மட்டும் தலைவன் இல்லை.

ஆட்சியாளர்களின் மாளிகையான அர்க் அரண்மனை இருக்கும் தெருவுக்குள் போகமுடியாது. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். ஷஹ்ர்-இ-நவ் பகுதியில் கடைக்காரர்கள் பாதிப்பேருக்கு உருது வருகிறது. பாகிஸ்தானில் அகதிகளாக வளர்ந்த தலைமுறை. என் உடைந்த இந்தியை வைத்தே சமாளிக்கலாம் என்று தைரியம் வந்துவிட்டது.

இரண்டாம் நாள்: காந்தஹார் சாலை

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். காபூலிலிருந்து காந்தஹார் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். ஓட்டுநருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்னை “பாய் ஜான்” என்றுதான் கூப்பிட்டார். காந்தஹாரி. பாகிஸ்தானில், குவெட்டாவில் பள்ளிக்கூடம் போனவர்.

இந்தச் சாலையை முதலில் 1960களில் அமெரிக்கர்கள் போட்டார்கள். சோவியத் போரிலும் உள்நாட்டுப் போரிலும் சிதைந்ததை 2003 டிசம்பரில் மறுபடியும் அமெரிக்கப் பணத்தில் செப்பனிட்டுக் கர்சாய் திறந்துவைத்தார். இடைக்கால அரசின் பெரிய சாதனையாக அன்று அதைச் சொன்னார்கள். சில வருடங்களிலேயே கண்ணிவெடிகளால் பெயர்ந்துபோயிற்று. பகலில் அரசாங்கம், இரவில் தாலிபான் என்று இதே சாலையில் இரண்டு ஆட்சி நடந்த காலத்தில் ஓட்டுநரின் அண்ணன் லாரி ஓட்டியிருக்கிறார். இரண்டு பக்கமும் வரி கட்டிய ரசீதுகளைத் தனித்தனிப் பையில் வைத்திருப்பாராம். மாறிக் கொடுத்தால் உயிர் போய்விடும்.

மைதான் ஷஹ்ரில் ஆப்பிள் தோட்டங்கள். கஜினியில் பன்னிரண்டாம் நூற்றாண்டு மினார்களைப் பார்க்க இறங்கினோம். காற்று தாங்கமுடியவில்லை. கலாத்தில் கோட்டையைக் கீழே நின்றே பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் சோதனைச்சாவடி. ஒவ்வொரு மாகாணத்திலும் தகவல் பண்பாட்டுத் துறையில் அனுமதிக் கடிதம் வாங்கவேண்டும் என்பதால் பயணத்தில் பாதி காகிதம் காட்டுவதிலேயே போகிறது.

வண்டியில் நேரம் இருந்ததால் கர்சாயின் இளமைக் காலத்தை ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். சிம்லா அவருக்குத் தெரியாத செய்தி. 1957 டிசம்பர் 24இல் காந்தஹார் பக்கத்தில் கர்ஸ் என்ற கிராமத்தில் பிறந்து, காபூலில் ஹபீபியா பள்ளியில் படித்து, மேல்படிப்புக்குச் சிம்லாவில் இமாசலப் பிரதேசப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அரசியல் அறிவியலில் முதுகலை. அங்கே இருந்தபோதுதான் 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அதற்கு முன்பே, 1978 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, அவர் தந்தையைக் கம்யூனிஸ்ட் அரசு சிறையில் போட்டிருந்தது. மன்னர் ஜாஹிர் ஷா காலத்து நாடாளுமன்றத்தில் துணை சபாநாயகராக இருந்தவர் அவர். பெயர் அப்துல் அஹத் கர்சாய். போபல்சாய் குலத்தின் கான்.

படிப்பு முடிந்ததும் ஹமீத் பாகிஸ்தானின் பெஷாவருக்குப் போனார். சோவியத் படையை எதிர்த்த முஜாஹிதீன் கட்சிகளில் மிதமானதாக இருந்த முஜத்திதியின் கட்சியில் சேர்ந்தார். துப்பாக்கி தூக்கிப் போரிட்டவர் இல்லை. மொழி தெரிந்தவர், வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களிடம் பேசக்கூடியவர், குலப் பெரியவர்களிடம் உட்கார்ந்து சமாதானம் பேசக்கூடியவர். உடன்பிறந்த ஆண்கள் ஏழு பேரில் பலர் அமெரிக்கா போய் ஆப்கான் உணவகங்கள் நடத்தினார்கள். நல்ல வியாபாரம். இவர் மட்டும் எல்லை ஊர்களிலேயே கிடந்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

காந்தஹார் வந்து சேர இருட்டிவிட்டது.

மூன்றாம் நாள்: காந்தஹார் நகரம்

இந்தியாவில் காந்தஹார் என்றால் 1999 டிசம்பரில் கடத்தப்பட்ட விமானம்தான் நினைவுக்கு வரும். இங்கே உள்ளவர்களுக்கு இது அகமது ஷா பாபாவின் ஊர். ஆப்கானிஸ்தான் என்ற நாடு பிறந்த இடம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

காலையில் முதல் வேலையாக அவருடைய சமாதிக்குப் போனேன். எட்டுப் பட்டைக் கட்டடம், நீலப் பச்சைக் குவிமாடம். உள்ளே சுவர் முழுக்கப் பூவேலை. 1747இல் பாரசீகத்தின் நாதிர் ஷா கொல்லப்பட்டதும் அவருடைய படையிலிருந்த ஆப்கான் குலத் தலைவர்கள் காந்தஹார் அருகே ஷேர் சுர்க் என்ற தர்காவில் ஒரு ஜிர்கா, அதாவது பெரியவர்கள் பேசி முடிவெடுக்கும் சபை, கூடினார்கள். பல நாட்கள் பேசியும் முடிவு வரவில்லை. எல்லாரும் அவரவர் குலத்துக்காகவே பேசினார்கள். கடைசியில் இருபத்தைந்து வயதையொட்டியிருந்த அகமது கானை மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தர்வேஷ், அதாவது சூஃபித் துறவி, பக்கத்து வயலிலிருந்து தானியக் கதிரைப் பறித்து அவர் தலையில் கிரீடமாகச் சூட்டினார் என்பது ஊர் வழக்கு. ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு இங்கே சொல்லும் காரணம் ருசியானது: அவருடைய குலப் பிரிவு சிறியது. பிடிக்காமல் போனால் இறக்கிவிடலாம்.

அந்த அகமது ஷா சதோசாய் பிரிவைச் சேர்ந்தவர். சதோசாய் என்பது போபல்சாய் குலத்தின் ஒரு கிளை. அதாவது கர்சாயின் குலம். 254 ஆண்டுகள் கழித்து, கர்சாயை இடைக்காலத் தலைவராகத் தேர்ந்தெடுக்க ஜெர்மனியின் பான் நகரத்தில் நடந்த மாநாட்டிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். யாருக்கும் அச்சுறுத்தலாக இல்லாதவர் எல்லாருக்கும் ஒத்துவந்தார்.

சமாதிக்குப் பக்கத்திலேயே கிர்க்கா ஷரீஃப். நபிகளின் மேலங்கி இருப்பதாக நம்பும் புனித இடம். அகமது ஷா புகாராவிலிருந்து கொண்டுவந்தது. 1996 ஏப்ரலில் தாலிபான் தலைவர் முல்லா ஒமர் அதை வெளியே எடுத்துக் கூட்டத்துக்கு முன்னால் தோளில் போட்டுக்கொண்டார். அன்று அவருக்குக் கிடைத்த பட்டம் அமீருல் மூமினீன், நம்பிக்கையாளர்களின் தலைவர். ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு விதமான அதிகாரம். ஒன்று ஜிர்காவில் பேசிப் பேசி வந்தது, மற்றது மதத்தின் பெயரால் ஒரே நாளில் வந்தது. காந்தஹாரின் அரசியல் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

படம் எடுக்க வேண்டாம் என்று காவலுக்கு நின்ற இளைஞர் மரியாதையாகச் சொன்னார். உயிருள்ளவற்றைப் படம் எடுக்கக்கூடாது என்ற விதியைக் காந்தஹாரில் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டேன். அதனால் இந்தத் தொடரில் படங்கள் குறைவாகத்தான் இருக்கும்.

மாலையில் ஓட்டுநர் தன் மாமாவின் வீட்டுக்கு அழைத்துப்போனார். வெள்ளைத் தாடிப் பெரியவர். எல்லாரும் ஹாஜி சாஹிப் என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவரும் போபல்சாய். பச்சைத் தேநீர், சர்க்கரை பூசிய பாதாம், உலர்ந்த மல்பெரி. கான் என்றால் யார் என்று கேட்டேன். நம் ஊர் நாட்டாமை மாதிரி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர் என்று நினைத்திருந்தேன். அவர் தலையாட்டிவிட்டுச் சொன்னது வேறு. கான் உத்தரவு போட முடியாது. போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். பஷ்தூன் ஆண் ஒவ்வொருவனும் தன்னை இன்னொருவனுக்குச் சமம் என்றே நினைப்பான். கானின் வேலை விருந்தினர் அறையைத் திறந்து வைப்பது. வருகிறவருக்குச் சோறு போடுவது. தண்ணீர்ச் சண்டை, நிலச் சண்டை, பெண் கொடுத்த சண்டை எல்லாவற்றையும் முழுதாகக் கேட்பது. அரசாங்க அலுவலகத்தில் மாட்டிக்கொண்டவனுக்காகப் போய்ப் பேசுவது. இதையெல்லாம் சலிக்காமல் செய்துகொண்டே இருக்கிறவரை அவர் கான். நிறுத்தினால் ஜனங்கள் அடுத்த கதவைத் தட்டப் போய்விடுவார்கள்.

“அப்துல் அஹத் கானின் கதவு குவெட்டாவிலும் திறந்தே இருந்தது” என்றார். 1999 ஜூலை 14 அன்று குவெட்டாவில் பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பிய அந்தப் பெரியவரைச் சுட்டுக்கொன்றார்கள். தாலிபான்கள்தான் செய்தார்கள் என்று குடும்பம் உறுதியாக நம்பியது. ஹமீத் ஆரம்பத்தில், 1994 வாக்கில், தாலிபான்களை ஆதரித்தவர். நெடுஞ்சாலைக் கொள்ளையரை ஒழித்து அமைதி கொண்டுவருவார்கள் என்று நம்பினார். ஐநாவுக்குத் தூதராகப் போகும்படி அவர்கள் அவரைக் கேட்டதும் உண்டு. பிறகு விலகினார். தந்தையோடு சேர்ந்து, முன்னாள் மன்னர் ஜாஹிர் ஷா தலைமையில் நாடு முழுவதற்குமான லோயா ஜிர்காவைக் கூட்டவேண்டும் என்று ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கொடுத்த விலை தந்தையின் உயிர்.

பெரியவர்கள் கூடி ஹமீதுக்குத் தலைப்பாகை கட்டினார்கள். மூத்த மகன் அல்லர். ஆனால் அக்கம்பக்கத்தில் இருந்து, ஜனங்களோடு உட்கார்ந்து எழுந்த மகன் அவர்தான். அமெரிக்காவிலிருந்த அண்ணன்களுக்கு அந்தத் தலைப்பாகை பொருந்தியிருக்காது. அப்புறம் அவர் செய்ததுதான் பேச்சானது. தந்தையின் உடலை எல்லையைத் தாண்டி, தாலிபான் ஆண்டுகொண்டிருந்த காந்தஹாருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவந்து சொந்த மண்ணில் அடக்கம் செய்தார். முந்நூறு வண்டிகள் வந்தன என்கிறார்கள். தாலிபான்கள் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் ஒரு குலம் முழுவதையும் பகைத்திருக்க வேண்டும். ஹாஜி சாஹிப் அந்த ஊர்வலத்தில் இருந்தவர். அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான்காம் நாள்: கர்ஸ், ஆர்கந்தாப்

கர்ஸ் நகரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், தண்ட் மாவட்டத்தில். மண் சுவர், திராட்சைத் தோட்டம், நடுநடுவே கிஷ்மிஷ் கானா என்று சொல்லும் உலர்த்தும் வீடுகள். தடித்த மண்சுவரில் வரிசையாகக் குறுகிய துளைகள். காற்று மட்டும் உள்ளே போய்த் திராட்சையை உலர்த்தும். போர்க் காலத்தில் இதே துளைகள் வழியாகச் சுட்டிருக்கிறார்கள். அந்தச் சுவர்களைப் பீரங்கியால்கூடச் சுலபமாக உடைக்க முடியாதாம்.

குடும்ப மயானத்தில் தந்தையும் இருக்கிறார், தம்பி அகமது வலியும் இருக்கிறார். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

அகமது வலி பற்றி எழுதாமல் கர்சாயைப் பற்றி எழுதினால் அது நேர்மையாக இருக்காது. காந்தஹார் மாகாண சபையின் தலைவர் என்பது அவருடைய பதவி. உண்மையில் தெற்கில் அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது என்ற நிலை. போதைப்பொருள் வியாபாரத்தில் தொடர்பு, அமெரிக்க உளவுத்துறையிடமிருந்து பணம் என்று பத்திரிகைகளில் குற்றச்சாட்டுகள் வந்தன. அவர் மறுத்தார். அண்ணன் அவரைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 2011 ஜூலை 12 அன்று, பல வருடம் கூட இருந்த நம்பிக்கையான பாதுகாப்புத் தளபதியே அவரை வீட்டில் வைத்துச் சுட்டுக் கொன்றார்.

ஒரு கானுக்குத் தம்பியைக் கைவிடுவது அவமானம். ஒரு நாட்டின் தலைவருக்குத் தம்பியை விசாரணைக்கு உட்படுத்துவது கடமை. இரண்டையும் ஒரே மனிதர் செய்யமுடியாது. கர்சாய் கானாகவே இருந்துவிட்டார். தம்பி ஒருவர் விஷயத்தில் மட்டும் இல்லை. கெட்ட பெயர் வாங்கிய ஆளுநர்களை நீக்காமல் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். யாரையும் வெளியே தள்ளாமல் எல்லாரையும் பந்தியில் உட்கார வைப்பதுதான் அவர் கற்ற அரசியல். ஆனால் பந்தியில் இடம் கிடைத்தவர்கள் எல்லாம் துப்பாக்கி வைத்திருந்தவர்கள். இடமே கிடைக்காமல் போனவர்கள் பக்கத்து ஊர்களில் இருந்தார்கள்.

மதியம் ஆர்கந்தாப் பள்ளத்தாக்கில், பாபா வலி தர்காவுக்குக் கீழே, மாதுளைத் தோட்டம் ஒன்றில் சாப்பாடு. சந்தையில் மாதுளை குவிந்துகிடக்கும் காலம் இது. ஒரு பழத்தை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டியிருக்கிறது. அங்கே இஷாக்சாய் குலத்தைச் சேர்ந்த ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், 2001க்குப் பிறகு தங்கள் ஆட்களுக்கு ஒரு காவலர் வேலைகூடக் கிடைக்கவில்லை என்று. தெற்கில் துர்ரானி எனப்படும் பஷ்தூன் குலங்களில் போபல்சாய், பராக்சாய், அலோகோசாய் குலங்கள் ஒரு பக்கம். நூர்சாய், அலிசாய், இஷாக்சாய் குலங்கள் இன்னொரு பக்கம். முதல் பக்கத்தவர்களுக்குப் பதவியும் ஒப்பந்தமும் கிடைத்தன. மறுபக்கத்தவர்கள் “தாலிபான்” என்று காட்டிக்கொடுக்கப்பட்டு அமெரிக்க ராணுவத்தின் சோதனைக்கு ஆளானார்கள். கதவு உடைக்கப்பட்ட வீட்டிலிருந்து மகன்கள் உண்மையாகவே தாலிபானில் போய்ச் சேர்ந்தார்கள். தாலிபான் திரும்பி வந்ததற்குப் பாகிஸ்தானை மட்டும் காரணம் சொல்பவர்கள் ஆர்கந்தாப்பில் ஒரு மதியம் உட்கார்ந்து கேட்கலாம்.

ஐந்தாம் நாள்: ஷா வலி கோட்

காந்தஹாரிலிருந்து வடக்கே உருஸ்கானின் தலைநகர் தரீன் கோட்டுக்குப் போகும் சாலை. எனக்கு ஷா வலி கோட் வரைதான் அனுமதி கிடைத்தது. 1950களில் கட்டிய தாலா அணை வழியில் வருகிறது. சுற்றிலும் புல்கூட இல்லாத மலை, நடுவில் நீலத் தண்ணீர். ஆற்றுப் பாலத்தருகே இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்தோம்.

கர்சாயின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் மதிப்பு உள்ள பகுதி இந்தச் சாலையில் நடந்தது. 2001 அக்டோபர் 7 அன்று அமெரிக்கக் குண்டுவீச்சு தொடங்கியது. அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்குள் கர்சாய் குவெட்டாவிலிருந்து மூன்று கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டினார். தாலிபான் தலைநகரமான காந்தஹாருக்குள்ளேயே வந்து, அங்கிருந்து உருஸ்கான் மலைகளுக்குப் போனார். கையில் இருந்தது செயற்கைக்கோள் தொலைபேசியும் தந்தையின் பெயரும். அதே நாட்களில் கிழக்கே இதே முயற்சியில் இறங்கிய அப்துல் ஹக் என்ற புகழ்பெற்ற தளபதியைத் தாலிபான்கள் பிடித்து அக்டோபர் 26 அன்று கொன்றார்கள். கர்சாய் பிழைத்ததற்குக் காரணம் இந்த மலைக் கிராமங்கள். ஒவ்வொரு வீடாகத் தங்கினார். தங்க இடம் கேட்டு வந்தவனைக் காட்டிக்கொடுப்பது இங்கே மகா பாவம். ஹாஜி சாஹிப் சொன்ன திறந்த கதவு இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வேலை செய்தது.

நவம்பர் தொடக்கத்தில் தாலிபான்கள் நெருங்கிவிட, அமெரிக்க ஹெலிகாப்டர் அவரைப் பாகிஸ்தானுக்குக் கொண்டுபோனது. நவம்பர் 14 அன்று கேப்டன் ஜேசன் அமெரைன் தலைமையிலான சிறப்புப் படைக் குழு ஒன்றோடு திரும்பி வந்தார். தரீன் கோட் மக்கள் தாமே எழுந்து தாலிபான் நிர்வாகியைக் கொன்று ஊரைக் கைப்பற்றியிருந்தார்கள். அதை மீட்க நவம்பர் 17 அன்று காந்தஹாரிலிருந்து பெரிய வாகனப் படை வந்தது. பதினோரு அமெரிக்கர்கள், கர்சாயின் சொல்லுக்காகத் திரண்ட கொஞ்சம் பேர், மேலே விமானங்கள். வாகனப் படை சிதறியது. அந்தச் சண்டைக்குப் பிறகு சுற்று வட்டாரக் குலத் தலைவர்கள் ஒவ்வொருவராக கர்சாயைத் தேடி வந்தார்கள்.

அதே சமயம் பான் அருகே பீட்டர்ஸ்பெர்க் விடுதியில் ஐநா கூட்டிய மாநாடு. நவம்பர் 27 தொடங்கியது. ஐநா தூதர் லக்தர் பிரஹிமி நடத்தினார். ஜாஹிர் ஷாவை ஆதரித்த ரோம் குழு முதலில் தேர்ந்தெடுத்தது அப்துல் சத்தார் சீரத் என்பவரை. ஆனால் அவர் உஸ்பெக். தெற்கத்திப் பஷ்தூன் ஒருவர் தலைவராக இல்லையென்றால் நாடு ஒட்டாது என்று வடக்குக் கூட்டணி, அமெரிக்கா, ஈரான் எல்லாருமே கணக்குப் போட்டார்கள். மாநாட்டில் உட்காராமல் களத்தில் இருந்த கர்சாயின் பெயர் மேலே வந்தது.

டிசம்பர் 5 காலை. இங்கே, நாங்கள் நின்ற இடத்துக்கு எங்கேயோ பக்கத்தில், கர்சாய் ஒரு வீட்டுக்குள் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த ஒருவர் குண்டு போடவேண்டிய இடத்தைக் குறிக்கும் தன் கருவியில் மின்கலத்தை மாற்றினார். மாற்றியதும் கருவி எதிரியின் இடத்துக்குப் பதிலாக அவர் நின்ற இடத்தையே காட்டியது. அதைக் கவனிக்காமல் எண்களை அனுப்பிவிட்டார். பி-52 விமானம் போட்ட இரண்டாயிரம் பவுண்டு குண்டு இவர்கள் மேலேயே விழுந்தது. மூன்று அமெரிக்க வீரர்களும் கர்சாயோடு வந்த ஆப்கானியர்கள் பலரும் இறந்தார்கள். கர்சாய்க்குக் கண்ணாடித் துண்டு கீறிச் சிறு காயம். அந்தப் புகையும் அலறலும் அடங்குவதற்குள் தொலைபேசி அடித்தது. பிபிசியின் லீஸ் டூசெட். பான் மாநாடு உங்களை இடைக்கால அரசின் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டது, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். இறந்த ஆப்கானியர்களின் பெயர் எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா என்று இங்கே விசாரித்தேன். மூன்று பேரின் ஊரை மட்டும் சொன்னார்கள். அமெரிக்க வீரர்களின் பெயர்கள் எல்லா இடத்திலும் கிடைக்கின்றன.

அதே நாள்களில் நடந்த இன்னொரு விஷயம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது என்று சொல்லலாம். தாலிபான் தலைவர்கள் சரணடையப் பேச வந்தார்கள். காந்தஹாரை ஒப்படைப்பது, ஆயுதத்தை வைத்துவிட்டு அவரவர் ஊருக்கு மரியாதையோடு போய்விடுவது. கர்சாய் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தார். தோற்றவன் கதவைத் தட்டினால் திறக்கவேண்டும் என்பது அவர் வளர்ந்த முறை. முல்லா ஒமர் காந்தஹாரில் கௌரவமாக வாழும்படியான எந்த ஏற்பாட்டையும் ஏற்கமாட்டோம் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். பேச்சு அதோடு முறிந்தது. நகரத்தை அலோகோசாய் குலத்து முல்லா நகீப் பொறுப்பேற்பதாக இருந்தது. அவர் தாலிபான்களும் நம்பியவர். அதற்குள் அமெரிக்க ஆதரவோடு வந்த பராக்சாய் தலைவர் குல் ஆகா ஷேர்சாய் ஆளுநர் மாளிகைக்குள் புகுந்துகொண்டார். கர்சாய் சண்டை வேண்டாம் என்று அவருக்கே பதவியைக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பிப்போன தாலிபான் தளபதிகளைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். சில வருடங்களில் அவர்கள் மறுபடி ஆயுதம் எடுத்தார்கள். பான் மாநாட்டுக்குத் தாலிபான்களை அழைக்காதது தவறு என்று பிரஹிமியே பிற்பாடு சொன்னார்.

அந்த டிசம்பரில் கர்சாய் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவருக்குப் படை இல்லை, பணம் இல்லை, ஆகாயமும் அமெரிக்கர்களுடையது. எல்லாம் சரி. ஆனால் அந்த ஒரு வாரம் அவர்களுக்கும் அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. இருபது வருடப் போரில் ஆப்கானியர் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்பதை நினைத்தால் அந்த வாரத்தை என்னால் லேசாக விடமுடியவில்லை.

ஆறாம் நாள்: மறுபடி காபூல்

திரும்பும்போது விமானத்தில் வந்துவிட்டேன். சாலை அலுத்துவிட்டது.

பாலிடெக்னிக் பக்கம் போனேன். 2002 ஜூனில் ஜெர்மானியர்கள் கொடுத்த பிரமாண்டமான கூடாரத்தில் லோயா ஜிர்கா நடந்த இடம். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். தாம் போட்டியில்லை என்று ஜாஹிர் ஷா அறிவிக்க, ஆறு மாதத் தலைவராக வந்த கர்சாயை இடைமாற்று அரசின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ரகசிய வாக்கெடுப்பில் அவருக்கு எதிராக நின்று இரண்டாம் இடம் வந்தவர் ஒரு பெண், மசூதா ஜலால் என்ற மருத்துவர். 2004இல் ஜனாதிபதித் தேர்தலிலும் நின்றார். அந்தத் தேர்தலில் கர்சாய்க்கு ஐம்பத்தைந்து சதவீத வாக்கு. 2009 தேர்தல் மோசடிப் புகார்களில் மூழ்கியது. 2014 செப்டம்பரில் பதவியை அஷ்ரஃப் கனியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இந்த நாட்டில் ஆட்சியாளர்கள் பெரும்பாலும் கொலையாகியோ துரத்தப்பட்டோதான் போயிருக்கிறார்கள். பதவியைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு அதே ஊரில் வீடு பிடித்துக் குடியிருப்பது இங்கே சாதாரண விஷயம் இல்லை.

2021 ஆகஸ்ட் 15 அன்று கனி நாட்டை விட்டுப் பறந்துவிட்டார். கர்சாய் போகவில்லை. தன் சின்னப் பெண் குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நாங்கள் காபூலிலேயே இருக்கிறோம் என்று காணொளி வெளியிட்டார். சில நாட்களில் தாலிபான் தலைவர்களைச் சந்தித்துப் பேசினார். அவர் தேடியது எல்லாரையும் சேர்த்த அரசு. அது நடக்கவில்லை. பிறகு அவருடைய நடமாட்டத்துக்கே கட்டுப்பாடுகள் வந்தன.

நான் தங்கியிருக்கும் விடுதிக்கு எதிரே ஒரு பெண்கள் பள்ளி. காலையில் சின்னக் குழந்தைகள் மட்டும் உள்ளே போகிறார்கள். ஆறாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் பெண்களுக்குப் படிப்பு இல்லை. கர்சாய் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப அறிக்கை விடுகிறார், பள்ளிகளைத் திறங்கள், பல்கலைக்கழகங்களைத் திறங்கள் என்று. அரசாங்கம் கேட்கவில்லை. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் அவர் மறுபடி கேட்கிறார். காந்தஹாரில் ஹாஜி சாஹிப்பிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவருடைய பேத்திக்கு இந்த வருடம் ஆறாம் வகுப்பு முடிகிறது என்றார். வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு அம்மாவை ஏற்பாடு செய்திருக்கிறாராம். அக்கம்பக்கத்துப் பெண் குழந்தைகளும் வரலாம், விருந்தினர் அறையை அதற்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னார்.